எம்.பி. லெட்டர் கேட்காதீங்க, பெட்டி கேளுங்க



தீபாவளி, பொங்கல் நெருங்கினா நம்ம பக்கத்தோட இன்பாக்ஸ்ல ஒரே மாதிரி மெசேஜ் வந்து குவியும். "அண்ணே, நெல்லை எக்ஸ்பிரஸ்ல வெயிட்டிங் 38. எம்.பி. லெட்டர் கிடைக்குமா?" "தம்பி, பொதிகைல நாலு டிக்கெட், ஆர்.ஏ.சி. கூட ஆகல. யார்கிட்டயாவது சொல்லி விடுங்க."

கேட்கிறவங்க மேல தப்பு இல்லை. ஆறு மாசத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போய் அம்மா அப்பாவைப் பார்க்க நினைக்கிறவர் வேற என்ன செய்வார்? ரயில் இல்லைன்னா ஆம்னி பஸ். பண்டிகை நேரத்துல அந்த டிக்கெட் விலை என்னன்னு உங்களுக்கே தெரியும்.

ஆனா லெட்டர் கேட்கிறதுக்கு முன்னாடி, அந்த 38 எப்படி வந்ததுன்னு நாம எல்லாரும் தெரிஞ்சுக்கணும். இன்ஜினியரிங் படிச்ச எனக்கே ரொம்ப நாள் இது புரியல. அதிர்ஷ்டம்னு நினைச்சுக்கிட்டு பி.என்.ஆர். நம்பரை மணிக்கு ஒருமுறை அடிச்சுப் பார்த்துக்கிட்டு இருந்தேன். உண்மையில அது கணக்கு. அந்தக் கணக்கை நமக்கு யாரும் சொல்றதில்லை.

🔴 எல்லா வெயிட்டிங்கும் ஒண்ணு இல்லை

ஒரு ரயில்ல இருக்கிற பெர்த் எல்லாம் ஒரே பெட்டியில போட்டு யார் முதல்ல வந்தாலும் எடுத்துக்கலாம்னு விடுறதில்லை. பொது ஒதுக்கீடு, தட்கல், பெண்கள், மூத்த குடிமக்களுக்கான கீழ் பெர்த், மாற்றுத்திறனாளிகள், ராணுவம், அவசர ஒதுக்கீடுன்னு பிரிச்சு வைக்கிறாங்க. அதுக்கு மேல, ஊர் வாரியாவும் ஒரு பிரிவு உண்டு.

உங்க டிக்கெட்ல வெயிட்டிங் நம்பருக்கு முன்னாடி இருக்கிற எழுத்தைப் பாருங்க.

👉 ஜிஎன்டபிள்யூஎல்: பொது வெயிட்டிங். ரயில் கிளம்புற ஊர்ல இருந்தோ, அதுக்குப் பக்கத்து ஸ்டேஷன்ல இருந்தோ தூரமா போறவங்களுக்கு வர்றது. பெரிய ஒதுக்கீடு, கேன்சலும் அதிகம். சார்ட் போடும்போது மத்த ஒதுக்கீடுகள்ல நிரம்பாத இடமும் இங்கேதான் பெரும்பாலும் வந்து சேரும். அதனால இதுதான் வேகமா நகரும்.

👉 ஆர்எல்டபிள்யூஎல்: வழியில இருக்கிற முக்கிய ஊர்களுக்குன்னு தனியா வச்ச சின்ன ஒதுக்கீடு. அந்த ஒதுக்கீட்டுல எடுத்தவர் கேன்சல் பண்ணினாத்தான் உங்களுக்கு நகரும்.

👉 பிக்யூடபிள்யூஎல்: பல சின்ன ஊர்களுக்குச் சேர்த்து ஒரே ஒரு பொது ஒதுக்கீடு. பத்து ஊர்க்காரங்க ஒரு கைப்பிடி பெர்த்துக்கு நிக்கிறாங்க. இதுல வெயிட்டிங் 8 கூட ஆகாமப் போகலாம்.

👉 டிக்யூடபிள்யூஎல்: தட்கல் வெயிட்டிங். கன்ஃபார்ம் ஆன தட்கல் டிக்கெட்டை கேன்சல் பண்ணினா பணம் திரும்ப வராது. அப்புறம் யார் கேன்சல் பண்ணுவாங்க? அதனால இது நகரவே நகராது. ஆர்.ஏ.சி.யும் இதுல கிடையாது.

இப்போ புரியுதா? பக்கத்து வீட்டுக்காரருக்கு வெயிட்டிங் 60 கன்ஃபார்ம் ஆச்சு, உங்களுக்கு 9 ஆகல. ரெண்டு பேரும் நின்னது வேற வேற வரிசை.

🔴 நீங்க உடனே செய்யக்கூடியது

ஒண்ணு: நீங்க இறங்குற ஊருக்கு பிக்யூடபிள்யூஎல் காட்டுச்சுன்னா, அதே ரயில்ல கடைசி ஸ்டேஷன் வரைக்கும் போட்டுப் பாருங்க. கோவில்பட்டிக்குப் போறவர் திருநெல்வேலி வரை டிக்கெட் எடுத்து கோவில்பட்டியில இறங்கிக்கலாம். கொஞ்சம் காசு கூடும், ஆனா வரிசை மாறும். நடுவுல ஏறுறவங்க, ரயில் கிளம்புற ஊர்ல இருந்து எடுத்து, ஏறும் இடத்தை உங்க ஊரா புக் பண்ணும்போதே குறிக்கணும். குறிக்காம விட்டா, நீங்க ஏறலைன்னு பெர்த்தை அடுத்தவருக்குக் கொடுத்துடுவாங்க.

ரெண்டு: முன்பதிவு காலம் 2024 நவம்பர் 1 முதல் 120 நாள்ல இருந்து 60 நாளா குறைஞ்சிருக்கு. காலை 8 மணிக்குத் திறக்கும். பழைய கணக்குல இருக்காதீங்க.

மூணு: தட்கல் முந்தின நாள் ஏசிக்கு 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. 2025 ஜூலையில இருந்து ஆதார் இணைச்ச கணக்குல மட்டும்தான் எடுக்க முடியும். பண்டிகைக்கு முந்தின நாள் காலையில உட்கார்ந்து ஆதார் இணைக்காதீங்க, இன்னைக்கே பண்ணிடுங்க.

நாலு: ஆன்லைன்ல எடுத்த டிக்கெட் சார்ட் போட்ட பிறகும் முழுசா வெயிட்டிங்னா அது தானா ரத்தாகிடும். அதை வச்சுக்கிட்டு ஸ்லீப்பர்ல ஏறினா டிக்கெட் இல்லாதவர் கணக்குதான். கவுன்டர்ல எடுத்த வெயிட்டிங் டிக்கெட்டை ரயில் கிளம்ப அரை மணி நேரம் முன்னாடியாவது கொடுத்தாத்தான் பணம்.

🔴 ஆகாத டிக்கெட்டுக்கும் கட்டணமா?

இதுதான் கோபம் வர்ற இடம்.

வெயிட்டிங் டிக்கெட்டை நீங்க ரத்து பண்ணினாலும், அது தானா ரத்தானாலும், ஒரு ஆளுக்கு 60 ரூபாய் பிடிச்சுக்கிட்டுத்தான் மீதியைத் தர்றது விதி. நாலு பேர் குடும்பம்னா 240 ரூபாய். ஆன்லைன் சேவைக் கட்டணம் தனி, அதுவும் திரும்பாது.

இடம் தர முடியாதது யார்? ரயில்வே. கட்டணம் கட்டுறது யார்? நாம. ஹோட்டல்ல சாப்பாடு தீர்ந்துபோச்சுன்னு சொல்லிட்டு, இலை போட்டதுக்குக் காசு கேட்டா விடுவீங்களா?

இது சில்லறை விஷயம்னு நினைக்காதீங்க. 2021 முதல் 2024 ஜனவரி வரைக்கும் வெயிட்டிங் டிக்கெட் ரத்து மூலமா மட்டும் ரயில்வேக்கு 1,200 கோடி ரூபாய்க்கு மேல வந்திருக்குன்னு தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல கேட்ட கேள்விக்கே பதில் வந்துச்சு. பெர்த்தே கொடுக்காம வந்த வருமானம் இது.

இன்னொரு பக்கம், 2020 மார்ச்சில் நிறுத்தின மூத்த குடிமக்கள் சலுகை (ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50 சதவீதம்) திரும்ப வரவே இல்லை. தட்கல்ல ஒரு பகுதியை எடுத்து, தேவை கூடக் கூட விலை ஏறுற பிரீமியம் தட்கலா விக்கிறாங்க. காசு இருக்கிறவருக்கு வரிசையே கிடையாது.

🔴 சரி, அந்த லெட்டர்?

லெட்டர் போய் சேர்றது அவசர ஒதுக்கீட்டுக்கு. ஒவ்வொரு ரயில்லயும் கொஞ்சம் பெர்த் கடைசி வரைக்கும் வைப்பாங்க. அமைச்சர்கள், எம்.பி.க்கள், நீதிபதிகளுக்கு முன்னுரிமை. அதுக்கப்புறம்தான் உடம்பு சரியில்லாதவங்க, வீட்டுல சாவு விழுந்தவங்க, இன்டர்வியூவுக்குப் போறவங்க. கோரிக்கை முந்தின நாளே போய்ச் சேரணும்.

யோசிச்சுப் பாருங்க. இருக்கிறதே கொஞ்சம் இடம். பண்டிகைக்குப் போக நாம ஒரு லெட்டர் வாங்கினா, மறுநாள் கீமோதெரபிக்காக சென்னை வரவேண்டிய ஒருத்தரோட பெர்த்தைத்தான் நாம வாங்குறோம். அவர்கிட்ட எந்தக் கட்சி நம்பரும் இருக்காது. சிகிச்சைக்காகக் கேளுங்க, நம்ம ஆட்கள் கண்டிப்பா ஓடுவாங்க. பண்டிகைக்கு மட்டும் வேண்டாம். இதைச் சொன்னா நம்ம ஆட்களே சிலர் கோச்சுப்பீங்க. பரவாயில்லை.

கணக்கா பார்த்தாலும் அதுதான் சரி. ஒரு லெட்டர்ல நாலு பேர் போகலாம், ஆறு பேர் போகலாம். ஒரு ஸ்லீப்பர் பெட்டியில 72 பெர்த், எல்.எச்.பி. பெட்டின்னா 80. ஒரே ஒரு பெட்டி சேர்த்தா அந்த வெயிட்டிங் 38 மொத்தமும் காலி. பிளாட்பார நீளம் பத்தாது, இதுக்கு மேல சேர்க்க முடியாதுன்னு சில ரயிலுக்குச் சொல்வாங்க. சரி, அப்போ சிறப்பு ரயில் விடுங்க. கடைசி வாரத்துல கூடுதல் கட்டணத்தோட அறிவிக்கிறதுக்குப் பதிலா, 60 நாள் முன்னாடியே வழக்கமான முன்பதிவோட சேர்த்துத் திறங்க. பண்டிகை என்னைக்குன்னு காலண்டர்ல முதல்லயே இருக்கே!

🔴 ஒன்றிய அரசுகிட்ட நாம கேட்கிறது

✅ ஒவ்வொரு ரயிலுக்கும் எந்த ஒதுக்கீட்டுல, எந்த ஊருக்கு எத்தனை பெர்த்னு முன்பதிவு பக்கத்திலேயே காட்டணும். கணக்கு எல்லாம் ஏற்கனவே கம்ப்யூட்டர்ல இருக்கு. திரையில இன்னொரு வரி சேர்க்கிற வேலைதான்.

✅ ரயில்வே இடம் கொடுக்க முடியாத டிக்கெட்டுக்கு ஒரு பைசா பிடிக்கக் கூடாது.

✅ ஸ்லீப்பர் பெட்டியைக் குறைச்சு ஏசி பெட்டி சேர்க்கிற வேலையை நிறுத்தணும்.

✅ அவசர ஒதுக்கீட்டுல எத்தனை இடம் அரசியல்வாதிகளுக்கு, எத்தனை அதிகாரிகளுக்கு, எத்தனை நோயாளிகளுக்குப் போச்சுன்னு, பேர் இல்லாம எண்ணிக்கை மட்டும் வெளியிடணும். நம்ம கட்சிக்கும் சேர்த்துத்தான் சொல்றோம்.

உங்ககிட்ட கேட்கிறது ஒண்ணே ஒண்ணு. இந்த முறை இன்பாக்ஸ்ல "லெட்டர் கிடைக்குமா"ன்னு அனுப்பாம, உங்க வெயிட்டிங் டிக்கெட்டோட ஸ்கிரீன்ஷாட்டை அனுப்புங்க. பேரையும் பி.என்.ஆர். நம்பரையும் மறைச்சுடுங்க. ரயில், தேதி, எந்த ஊர்ல இருந்து எந்த ஊருக்கு, கடைசியில ஆச்சா ஆகலையா, எவ்வளவு பிடிச்சாங்க, இது போதும். ரயில் வாரியா, ஊர் வாரியா நாங்க தொகுக்கிறோம். நாடாளுமன்றத்துல கேள்வி கேட்க நம்ம எம்.பி.க்கள் கையில அது இருக்கணும். அவங்க கையெழுத்து நாலு பெர்த் வாங்க வேண்டாம், நாலு ரயில் வாங்கட்டும்.

ஊர்ல காத்துக்கிட்டு இருக்கிற அப்பா அம்மாவுக்கும் படிச்சுக் காட்டுங்க. ஷேர் பண்ணுங்க.

— தகவல் தொழில்நுட்ப அணி

#பெட்டி_கேட்போம் #வெயிட்டிங்_கட்டணத்தை_நிறுத்து