நாங்கள் ஆடாத வெயிலா?

சித்திரை பிறந்தால் கூடவே ஒரு பேச்சும் பிறந்துவிடும். "நாங்க ஆடாத வெயிலா? செருப்புகூட இல்லாம சுத்தினோம். எங்களுக்கு என்ன ஆச்சு?" தாத்தா சொல்வார், பி.டி. வாத்தியார் சொல்வார், ஏ.சி. அறையில் உட்கார்ந்து பள்ளி திறக்கும் தேதியைக் குறிக்கும் அதிகாரி மனசுக்குள் சொல்லிக்கொள்வார். வெயில் பழகிவிடும், பழகினால் பிள்ளை உறுதியாகும் என்பது இதன் சாரம். கேட்க வீரமாகத்தான் இருக்கிறது. இன்றைய சென்னையில் வளரும் பிள்ளை விஷயத்தில் இது பொய்.

உடம்பு வெப்பத்துக்குப் பழகும் என்பதை நான் மறுக்கவில்லை. ஒன்றிரண்டு வாரம் கொஞ்சம் கொஞ்சமாக வெப்பத்தில் இருந்தால் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, வியர்வை சீக்கிரம் சுரக்கிறது, அதில் உப்பு குறைவாக வெளியேறுகிறது. பிள்ளைகளுக்கு இது பெரியவர்களைவிட மெதுவாக நடக்கும். ஆரோக்கியமான பிள்ளைகள் வெயிலில் விளையாடவே கூடாது என்று மருத்துவர்கள் சொல்வதும் இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2011-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் விளையாடலாம் என்றே சொன்னது. கூடவே தேவையான தண்ணீர், இடையிடையே ஓய்வு, வெப்பத்துக்கு ஏற்பக் குறைத்த விளையாட்டு என்று நிபந்தனைகளையும் வைத்தது. நம் வீரப்பேச்சு முதல் பாதியை வைத்துக்கொண்டு நிபந்தனைகளை விழுங்கிவிடுகிறது.

தாத்தா ஆடிய வெயிலில் அந்த நிபந்தனைகள் தாமாகவே நிறைவேறின. தெருமுனையில் புங்கமரம் இருந்தது. கிணறோ அடிபம்போ கூப்பிடு தூரத்தில் இருந்தது. எல்லாவற்றையும்விட, இரவு இருந்தது. பகலில் ஏறிய சூட்டை இறக்க உடம்புக்குப் பல மணி நேரக் குளிர்ச்சி வேண்டும். திண்ணையிலும் வாசல் கட்டிலிலும் அது கிடைத்தது. இன்றைக்குக் கான்கிரீட்டும் தாரும் பகலெல்லாம் குடித்த வெயிலை இரவெல்லாம் உமிழ்கின்றன. பக்கத்து வீட்டு ஏ.சி. தன் சூட்டைச் சந்தில் கொட்டுகிறது. மொட்டைமாடிக்கு நேர் கீழே, அல்லது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கும் தகரத்துக்கும் கீழே ஒற்றை அறையில் ஐந்து பேர் படுக்கும் வீட்டில், மின்விசிறி அந்தச் சூட்டைத்தான் சுழற்றிச் சுழற்றி அடிக்கிறது. அங்கே தூங்காமல் புரண்ட பிள்ளை காலையில் எழும்போதே களைத்துத்தான் எழுகிறது. இதில் எதற்குப் பழகச் சொல்கிறீர்கள்?

சென்னைக்கென்று இன்னொரு சிக்கலும் உண்டு. 2003 மே மாதத்தில் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது; அந்த எண்ணை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். 35, 36 என்றால் "இன்னைக்குப் பரவாயில்லை" என்கிறோம். வெப்பமானி காட்டாத புழுக்கத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். வெறுமனே வழிந்தால் குளிராது. ஈரக் காற்றில் அது காய்வதில்லை. வெப்பத்தையும் ஈரத்தையும் சேர்த்துச் சொல்லும் ஈரக்குமிழ் வெப்பநிலை 35 டிகிரி வரை மனித உடம்பு தாங்கும் என்றுதான் நெடுங்காலம் கருதினார்கள். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-இல் இளம் வயதினரை நேரடியாகச் சோதித்தபோது, புழுக்கமான சூழலில் எல்லை ஏறத்தாழ 31-லேயே வந்துவிட்டது. அவர்கள் நல்ல ஆரோக்கியமுள்ளவர்கள், பெரிய வேலை எதுவும் செய்யாதவர்கள். பிள்ளைகளுக்கோ எடைக்கு ஒப்பிட்டால் தோல் பரப்பு அதிகம், வியர்வை குறைவு. வெளிக்காற்று தோலைவிடச் சூடாகும்போது அந்தப் பரப்பு முழுவதும் வெப்பம் உள்ளே நுழையும் வாசல். விளையாட்டு மும்முரத்தில் தாகம் நினைவுக்கும் வராது.

பள்ளிக்கூடங்கள் இந்த நிலைமையை இன்னும் மோசமாக்குகின்றன. கழுத்தில் டை, காலில் சாக்ஸ், மேலே ஷூ. லண்டன் குளிருக்குத் தைத்த உடுப்பை வைகாசியில் மாட்டிவிட்டு அதற்கு ஒழுக்கம் என்று பெயர். மண் மைதானத்தை மூடிப் பச்சைப் பிளாஸ்டிக் புல் போடுவது இப்போது கௌரவம். உச்சிவெயிலில் அந்தத் தரை 60 டிகிரியைத் தாண்டும் என்பதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை. தண்ணீர் குடிக்க நினைவூட்டும் மணியைக் கேரளப் பள்ளிகள் 2019-இல் அடிக்கத் தொடங்கின. நல்ல யோசனைதான். ஆனால் கழிப்பறை நாறினால், தாழ்ப்பாள் இல்லாவிட்டால், மணி அடித்தாலும் பெண்பிள்ளைகள் குடிப்பதில்லை. காலையில் கொண்டுபோன பாட்டில் மாலையில் அப்படியே திரும்பி வருவதையும், சிறுநீர்த் தொற்று அடிக்கடி வருவதையும் அம்மாக்கள் அறிவார்கள். வேர்க்குருவுக்கும் சூட்டுக்கட்டிக்கும் பதறும் நாம், பிள்ளை எத்தனை தடவை சிறுநீர் போனாள், அது மஞ்சளாகக் கடுத்திருந்ததா என்று கேட்பதில்லை.

"எங்களுக்கு என்ன ஆச்சு" என்ற கேள்விக்கும் பதில் உண்டு. அதைக் கேட்பவர்கள் பிழைத்தவர்கள். 1971-இல் இந்தியாவில் பிறந்த ஒவ்வொரு ஆயிரம் குழந்தைகளிலும் 129 பேர் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. எல்லாம் வெயிலால் என்று நான் சொல்லவில்லை. காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று எழுதப்பட்ட மரணங்களில் வெயிலின் பங்கு எவ்வளவு என்று அன்று யாரும் பார்க்கவில்லை என்கிறேன்.

பார்த்த இடத்தில் தெரிந்திருக்கிறது. 2010 மே மாதம் ஆமதாபாத்தில் 46.8 டிகிரி அடித்தது. அங்குள்ள ஷார்தாபென் மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வெப்பத்தால் சேர்க்கப்பட்டவர்கள் முந்தைய, பிந்தைய ஆண்டுகளைவிடப் பல மடங்கு. 42 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் இந்தச் சேர்க்கை 43 விழுக்காடு கூடியது என்று பிறகு கணக்கிட்டார்கள். மகப்பேறு வார்டு மேல்மாடியில் இருந்ததுதான் வினை. அதைக் கீழே இறக்கியதும் ஆபத்து குறைந்தது. பிறந்து சில நாளே ஆன சிசுவிடம் போய்ப் பழகிக்கொள் என்று எந்தத் தாத்தாவும் சொல்ல மாட்டார். ஆனால் அதே சிசுவைத் துணியால் இறுக்கிச் சுற்றி, "காத்து பட்டா சளி பிடிக்கும்" என்று மின்விசிறியை நிறுத்திவைக்கும் வீடுகள் இன்றும் எத்தனை!

கருவறைக்கும் வெயில் எட்டுகிறது. ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2024-இல் வெளியிட்ட ஆய்வில், கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு அபாயம் இரட்டிப்பாக இருந்தது. செங்கல் சூளையிலும் உப்பளத்திலும் வயலிலும் நிற்கும் பெண்கள் வெயிலுக்குப் பழகாதவர்களா? அவர்களைவிட அதிகம் பழகியவர் யார்?

அரசின் பதில் இதுவரை தேதியைத் தள்ளுவதுதான். 2023-இல் பள்ளித் திறப்பு ஜூன் 12, 14 வரை போனது; 2024-இல் 6-இலிருந்து 10-க்கு. தள்ளாமல் இருப்பதைவிட மேல் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் வீடு பள்ளியைவிடக் குளிர்ச்சியானது என்ற நினைப்பு இதில் ஒளிந்திருக்கிறது. அண்ணாநகர்ப் பிள்ளைக்கு அது சரி. தகரக் கூரைக்குக் கீழே குடியிருக்கும் பிள்ளைக்கு விடுமுறை என்றால் பகலும் அந்த அடுப்புக்குள்தான், மதியச் சத்துணவும் இல்லை. 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தால் 4 லட்சம் என்றது அரசு. செத்தபின் கொடுப்பதற்கு விதி வந்துவிட்டது. மே மாதத்தில் பூட்டிக் கிடக்கும் அரசுப் பள்ளிகளின் கூரைக்கு வெள்ளையடித்து, தண்ணீரும் நல்ல கழிப்பறையும் வைத்து, தரைத்தள வகுப்பறைகளை மதியம் முழுக்க அந்தத் தெருப் பிள்ளைகளுக்குத் திறந்துவைக்க ஒரு அரசாணை போதும். சத்துணவுக்கூடம் அங்கேயே இருக்கிறது.