மூக்கை வரைந்து மூட்டிய தீ

பட்டாசுப் பெட்டியின் மேல் ஒட்டுகிற லேபிள் என்ன வேலை செய்கிறது என்பதை எம். புதுப்பட்டித் தோழர்களுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. எழுத்துக் கூட்டத் தெரியாத கிழவரும் கடைக்கு வந்து, "அந்தப் படம் போட்ட வெடியைக் கொடு" என்று கேட்டு வாங்கிப் போகிறார். உள்ளே இருக்கும் மருந்தை அவர் பார்த்தாரா? திரியை இழுத்துப் பார்த்தாரா? இல்லை. படத்தை நம்பினார், பணத்தை நீட்டினார். படிக்காதவனோடும் படம் பேசும். படித்தவனோடு அவன் யோசிக்கும் முன்பே பேசிவிடும். இந்த வித்தை வியாபாரிக்குத் தெரியும். வெறியனுக்கு அவனைவிட நன்றாகத் தெரியும்.

ஜெர்மனியில் நூரம்பர்க் என்றொரு நகரம். அங்கே 1923ஆம் ஆண்டு ஜூலியஸ் ஸ்ட்ரைக்கர் என்பவன் 'டெர் ஸ்ட்யூர்மர்' என்ற வார ஏட்டைத் தொடங்கினான். செய்தி சொல்வதற்காகப் பிறந்த ஏடல்ல அது. யூதர்களை ஏசுவதற்கென்றே பிறந்த ஏடு. 1925 முதல் பிலிப் ருப்ரெக்ட் என்ற ஓவியன் 'பிப்ஸ்' என்ற புனைபெயரில் அதில் படம் போட்டான். வாரந்தோறும் ஒரே முகம்! வளைந்த மூக்கு, தடித்த உதடு, தொங்கும் தொப்பை, கோணல் கால். ஒரு வாரம் அது மனிதன், மறுவாரம் சிலந்தி, அதற்கடுத்த வாரம் பாம்பு. எந்த ஊர் யூதன், என்ன பெயர், என்ன தொழில், என்ன செய்தான் என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. மூக்கே குற்றம், பிறப்பே சாட்சி!

காசு கொடுத்து ஏடு வாங்க முடியாதவனையும் அவர்கள் விட்டு வைக்கவில்லை. தெருமுனையிலும், பஸ் நிற்கும் இடத்திலும், ஆலை வாசலிலும் கண்ணாடி போட்ட பெட்டிகளை நிறுத்தி அதற்குள் ஏட்டை விரித்து வைத்தார்கள். வேலைக்குப் போகும் தொழிலாளி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஐந்து நிமிடத்தில் படம் அவன் கண்ணுக்குள் இறங்கிவிடும். சிறுவர்களுக்கோ தனிப் பந்தி. 1938இல் 'நச்சுக் காளான்' என்று ஒரு படப் புத்தகம் வெளியிட்டார்கள். அதற்கும் அதே பிப்ஸ்தான் ஓவியன்.

தொழிலாளியை ஏன் குறி வைத்தார்கள்? இதைத்தான் நம் தோழர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

1933 தொடக்கத்தில் ஜெர்மனியில் வேலையற்றோர் ஏறத்தாழ 60 இலட்சம். வயிறு எரிந்தது, கோபம் கொதித்தது. அந்தக் கோபம் முதலாளியின் பங்களா வாசலுக்குப் போயிருக்க வேண்டும், அமைச்சனின் அலுவலகத்துக்குப் போயிருக்க வேண்டும். போகாமல் தடுக்க ஒரு முகம் தேவைப்பட்டது. பிப்ஸ் வரைந்து கொடுத்தான். அந்த நாட்டின் ஆறரைக் கோடி மக்களில் யூதர்கள் சுமார் 5 இலட்சம் பேர். நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை! அந்த ஒருவர்தான் மற்ற தொண்ணூற்றொன்பது பேரின் சோற்றைத் தின்றுவிட்டாராம்!

புளுகுக்குப் பொருத்தமாவது இருந்ததா? 1937இல் மியூனிக்கில் 'நித்திய யூதன்' என்று ஒரு கண்காட்சி நடத்தினார்கள். அதன் சுவரொட்டியைப் பாருங்கள். ஒரு கையில் பொற்காசு, மறு கையில் சாட்டை, கக்கத்தில் அரிவாள் சுத்தியல் பொறித்த வரைபடம். வட்டிக்காரனும் அவனே, பொதுவுடைமைக்காரனும் அவனே! பணம் படைத்தவனைக் கண்டு பொருமுகிறவன் காசைப் பார்ப்பான். தொழிற்சங்கத்தைக் கண்டு நடுங்குகிறவன் சுத்தியலைப் பார்ப்பான். இருவருக்கும் ஒரே சுவரொட்டி, அச்சுக் கூலியும் மிச்சம்.

இன்னொன்றையும் கேளுங்கள். 1933 மே முதல் நாளைச் சம்பளத்தோடு விடுமுறையாக்கி, விழா எடுத்து, தொழிலாளரை வாழ்த்திப் பேசினான் இட்லர். மறுநாள், மே 2, ஜெர்மனி முழுவதும் தொழிற்சங்க அலுவலகங்களில் அவனது ஆட்கள் புகுந்தார்கள். தலைவர்கள் சிறைக்குப் போனார்கள், சங்கச் சொத்து பறிபோயிற்று. படத்தைப் பார்த்துக் கைதட்டிய தொழிலாளி, தன் சங்கத்தின் கதவு உடைக்கப்பட்டதைப் பார்த்தபோது தட்டுவதற்குக் கை இருந்தது. கேட்பதற்கு ஆள் இல்லை. பின்னர் வந்தது உலகறிந்தது. யூதர்கள் மட்டும் 60 இலட்சம் பேர் கொல்லப்பட்டனர்.

அப்படியானால் கேலிச்சித்திரமே கூடாதா என்று சிலர் கேட்கலாம். யார் சொன்னது? 1906இல் தொடங்கிய 'இந்தியா' ஏட்டில் வெள்ளை ஆட்சியைக் கேலிப் படம் போட்டுக் குத்தியவர் பாரதி. 1987இல் சட்டமன்ற உறுப்பினரையும் அமைச்சரையும் கிண்டல் செய்து அட்டையில் ஒரு நகைச்சுவைப் படம் போட்டதற்காக 'ஆனந்த விகடன்' ஆசிரியர் பாலசுப்பிரமணியனுக்கு மூன்று மாதச் சிறை என்று தமிழகச் சட்டமன்றமே தீர்ப்பு எழுதிற்று. சில நாட்களில் விட்டுவிட்டார்கள் என்பது வேறு. அந்தப் படங்கள் பதவியைக் கேலி செய்தன. நாற்காலியைவிட்டு இறங்கினால் கேலியும் இறங்கிவிடும். மூக்கை விட்டு எங்கே இறங்குவது? தொப்பியையும் தாடியையும் குற்றமாக்கினால் அந்த மனிதன் எந்த நாளில் விடுதலையாவது?

ஜெர்மனிக் கதை ஜெர்மனியோடு முடிந்ததா? 2020 மார்ச்சில், ஊரடங்கு தொடங்கிய நாட்களில், சென்னையிலிருந்து வரும் 'தி இந்து' ஆங்கில ஏட்டில் ஒரு படம் வந்தது. உலகையே மிரட்டுகிற கொரோனாக் கிருமி, முஸ்லிம்கள் அணியும் உடை போன்ற ஒன்றை அணிந்திருந்தது. கண்டனம் எழுந்தது. உள்நோக்கம் இல்லை என்று விளக்கி அந்த ஏடு படத்தை மாற்றியது. மாற்றியதைப் பாராட்டுகிறோம். ஆனால் அதன்பின் டில்லி தப்லீக் மாநாட்டைச் சாக்காக வைத்துக் கைப்பேசிகளில் பரவிய படங்களை யார் மாற்றினார்கள்? முஸ்லிம் காய்கறி வண்டிக்காரனைத் தெருவுக்குள் விடாமல் விரட்டினார்களே, அவனுக்கு யார் விளக்கம் சொன்னார்கள்? அந்த மாநாட்டுக்கு வந்த வெளிநாட்டார் மீதான வழக்குகளை 2020 ஆகஸ்டில் ரத்து செய்த பம்பாய் உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளை, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டார்கள் என்றே கருதியது.

2022 பிப்ரவரியில் வந்தது இன்னொன்று. 2008 அகமதாபாத் குண்டுவெடிப்பு வழக்கில் 38 பேருக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. உடனே குஜராத் பாரதிய ஜனதா கட்சி தன் ட்விட்டர் பக்கத்தில் ஒரு படம் போட்டது: தொப்பியும் தாடியுமாக வரிசையாகத் தூக்கில் தொங்கும் மனிதர்கள். ட்விட்டர் நிறுவனம் அதை நீக்கிற்று. தண்டனை பெற்றவர்களின் புகைப்படங்களைப் பார்த்துத்தான் வரைந்தோம் என்று கட்சியினர் சமாதானம் சொன்னார்கள். இருக்கட்டும். தண்டனை பெற்றவனுக்குப் பெயர் உண்டு, வழக்கு எண் உண்டு, மேல்முறையீடு உண்டு. படத்தில் தொங்கியதோ பெயரில்லாத தொப்பி, பெயரில்லாத தாடி. பிப்ஸின் தூரிகை செய்ததும் இதைத்தானே?

இனி நம் ஊர்ச் சரக்குக்கே வருவோம். லட்சுமி வெடி நம் வட்டாரத்தின் பெயர் பெற்ற சரக்கு. 2020 தீபாவளிச் சமயத்தில் மத்தியப் பிரதேசத்தின் தேவாஸ் நகரில், தெய்வப் படம் போட்ட பட்டாசை விற்கக்கூடாது என்று முஸ்லிம் கடைக்காரரைச் சிலர் மிரட்டினார்கள். அந்தக் காட்சி நாடெங்கும் பரவியது. லட்சுமி படத்தை வெடிமேல் போடும் வழக்கம் அந்தக் கடைக்காரர் கொண்டு வந்ததா? பயராபீசிலே எல்லாச் சாதியும் எல்லா மதமும் சேர்ந்து உட்கார்ந்து சுற்றிய வெடி அது. சிவகாசி அச்சாபீசிலே காலங்காலமாக ஓடும் லேபிள் அது. தங்கள் தாத்தா காலத்தில் கண்ணில் படாத அவமானம், விற்கிறவன் பெயரைக் கேட்டதும் கண்ணில் பட்டது!

ஸ்ட்ரைக்கர் தன் கையால் ஒருவரையும் கொன்றதாக நூரம்பர்க் நீதிமன்றம் சொல்லவில்லை. எழுத்தாலும் படத்தாலும் கொலைக்குத் தூண்டினான் என்றுதான் மனித குலத்துக்கு எதிரான குற்றத்தில் தண்டித்தது. 1946 அக்டோபர் 16 அன்று அவன் தூக்கிலிடப்பட்டான். படம் போட்ட பிப்ஸோ சில ஆண்டு தண்டனைக்குப் பின் 1950இல் வெளியே வந்தான். 1975 வரை வாழ்ந்தான்.

சிவகாசியில் தேர்தல் சுவரொட்டி அடிக்கிறவர்களுக்கு ஒரு சட்டம் தெரியும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127-ஏ பிரிவு. அச்சகத்தின் பெயரும் முகவரியும், வெளியிடுபவர் பெயரும் முகவரியும் சுவரொட்டியின் முகத்திலேயே இருக்க வேண்டும். கைப்பேசியில் வரும் படத்தின் மூலையில் அந்தப் பெயர்களைத் தேடிப் பாருங்கள். வரைந்தவன் பெயர் இருக்காது, கூலி கொடுத்தவன் பெயர் இருக்காது. நமக்கு அனுப்பியவரின் பெயர் மட்டும் மேலே இருக்கும். நாம் தட்டிவிட்டால் அடுத்தவருக்கு நம் பெயர் இருக்கும். மதத்தையோ சாதியையோ சொல்லிப் பகை மூட்டினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 196ஆவது பிரிவில் மூன்றாண்டு வரை சிறை. போலீஸ் வாசலுக்கு வந்தால் முதலில் கேட்பது நம் பெயரைத்தான்.