செந்நிற வண்டிகளைக் கொன்றவர் யார்?

அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் மாநகரம் மோட்டார்க் காருக்கென்றே பிறந்த ஊர் எனப் பலர் எண்ணுகின்றனர். உண்மை வேறு. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அந்நகரத் தெருக்களின் நடுவே மின்சார ரயில்கள் ஓடின. கடை வாசல்களை உரசுவதுபோல் ஊர்ந்து சென்று, நகரெல்லை கடந்ததும் தமக்குரிய தனிப்பாதையில் வேகமெடுத்து, லோங் பீச், பசடேனா, சான் பேர்னாடினோ முதலிய ஊர்களை அவை மாநகரோடு பிணைத்தன. பசிபிக் எலெக்ட்ரிக் கொம்பனிக்குச் சொந்தமான இச் செந்நிற வண்டிகளின் தண்டவாளங்கள் 1920களில் ஆயிரம் மைலுக்கும் மேல் நீண்டிருந்தன. அவற்றுள் கடைசி வண்டி 1961 ஏப்ரலில் நின்றது.

இவற்றைக் கொன்றவர் யார் என்று கேட்டால், எம் போன்ற முற்போக்காளரிடம் ஒரு விடை தயாராகவே இருக்கிறது: ஜெனரல் மோட்டோர்ஸ்! இவ்விடை ஆதாரமற்றதன்று. பல நகரங்களின் டிராம் கொம்பனிகளை விலைக்கு வாங்கிய நஷனல் சிற்றி லைன்ஸ் என்னும் நிறுவனத்திற்குப் பணம் கொடுத்தவர்கள் பஸ், டயர், எண்ணெய் முதலாளிகள். அந்நகரங்களில் பஸ்களையும் எரிபொருளையும் தாமே விற்கும் ஏகபோகத்திற்குச் சதி செய்தார்கள் என 1949இல் சிக்காகோ நீதிமன்றம் அவர்களைக் குற்றவாளிகளாகக் கண்டது. கொம்பனிகளுக்குத் தலா 5,000 டொலர் தண்டம். அதிகாரிகளுக்குத் தலைக்கு ஒரு டொலர். ஒரே ஒரு டொலர்! முதலாளித்துவ நீதியின் தராசைப் பற்றி மேலும் எழுதி மையை வீணாக்க நாம் விரும்பவில்லை.

ஆயினும், போக்குவரத்தையே கைப்பற்றச் சதி செய்தார்கள் என்ற மற்றக் குற்றச்சாட்டிலிருந்து அதே வழக்கில் அவர்கள் விடுவிக்கப்பட்டனர் என்பதை எம்மவர் சொல்வதில்லை. லொஸ் ஏஞ்சலிஸில் அந்நிறுவனத்தின் கிளை 1945இல் வாங்கியதும் நகருக்குள் ஓடிய மஞ்சள் டிராம்களையே. செந்நிற வண்டிகளை அன்று. இவை 1911 முதல் சதேர்ன் பசிபிக் ரயில் கொம்பனியின் வசம் இருந்தன. யுத்தத்திற்கு முன்பே தன் பாதைகள் பலவற்றில் ரயிலை நிறுத்தி பஸ்ஸை விடத் தொடங்கியது அந்த ரயில் முதலாளியேதான். வில்லன் ஒருவனைப் பிடித்துவிட்ட திருப்தியிலே நாம் அமைப்பைத் தப்பவிட்டுவிடுகிறோம்.

அமைப்பு யாது? 1901இல் இக் கொம்பனியைத் தொடக்கிய ஹென்றி ஹண்டிங்டன் பெரும் நில வியாபாரி. வெறுங்காணியை மலிவாக வாங்குவது, அதனூடே ரயிலை விடுவது, விலை ஏறியதும் துண்டு துண்டாக விற்பது: இதுவே அவர் கண்ட சூத்திரம். ரயில் தூண்டில், காணி மீன். பயணிகளின் கட்டணத்தில் அவர் செல்வம் தங்கியிருக்கவில்லை. மீன் பிடிபட்டபின் தூண்டிலைத் துடைத்து வைப்பவர் யார்?

இதற்கிடையே அதே தெருக்களில் கார்கள் பெருகின. ஐம்பது பேரை ஏற்றிய ரயில் ஒருவரை ஏற்றிய காரின் பின்னே காத்து நின்றது. ஹொலிவூட் வண்டிகளுக்காக 1925இல் ஒரு மைல் நீளச் சுரங்கம் திறக்கப்பட்டதைத் தவிர, நகரின் மையத்தில் அவற்றிற்கு வழிவிடப் பெரிய முயற்சி எதுவும் கைகூடவில்லை. ரயில் தன் செலவைத் தானே சம்பாதிக்க வேண்டும். காருக்கு வேண்டிய வீதியையோ பொதுப்பணம் அமைத்துக் கொடுக்கும். அமெரிக்க நகரங்களிலே தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட தெருவைச் செப்பனிடும் கடமையும் பெரும்பாலும் டிராம் கொம்பனியின் தலையிலேயே விழுந்திருந்தது. அதாவது, தன்னை வழிமறிக்கும் காருக்கு டிராமே பாதை போட்டுக் கொடுத்தது!

எஞ்சிய உயிரற்ற உடலை 1958இல் பொது அதிகாரசபை பொறுப்பேற்று, மூன்றாண்டுகளில் அடக்கம் செய்தது. பின்னர் 1990இல் லோங் பீச்சுக்கு, ஏறக்குறைய அதே பழைய பாதையில், கிட்டத்தட்ட 90 கோடி டொலர் பொதுப்பணத்தில் மின்சார ரயில் மீண்டும் வந்தது. காணியின் இலாபம் தனியாருக்கு. மீண்டும் வந்த தண்டவாளத்தின் செலவு மக்களுக்கு.

இது அந்நியர் கதை என்று ஒதுக்குவோர் கொழும்பை நினைத்துப் பார்க்கட்டும். இங்கும் பிரித்தானியக் கொம்பனியொன்று டிராம் ஓட்டியது. 1929இல் வேலைநிறுத்தம் செய்த அதன் தொழிலாளருக்கு ஆதரவாகத் திரண்ட மக்கள் மீது மருதானையில் பொலிஸ் துப்பாக்கி வெடித்தது. 1944இல் மாநகரசபை டிராமைப் பொறுப்பேற்றது; 1960இல் அதுவும் மறைந்தது. பின்னர் மாலபேயிலிருந்து கோட்டைக்கு, தெருக்களின் மேலே தூண்கள்மீது ஓடவிருந்த மின்சார ரயில் திட்டத்திற்கு ஜப்பான் கடன் கொடுக்க முன்வந்தும், செலவு அதிகம் என்று 2020இல் அரசாங்கம் அதைக் கைவிட்டது. நெடுஞ்சாலைகளிடம் இத்தனை கண்டிப்புடன் எவரும் கணக்குக் கேட்டதை நாம் கண்டதில்லை.

பஸ் மிதிபலகையில் தொங்கியபடி பாடசாலைக்கும் பல்கலைக்கழகத்திற்கும் செல்லும் எமது வாசகர்களிடம் ஒன்றை வேண்டுகிறோம். அத்திட்டமோ அதுபோன்ற வேறொன்றோ மீண்டும் மேசைக்கு வரும்போது, கடன் யாரிடம், வண்டி எந்த நாட்டது என்பதோடு நின்றுவிடாதீர்கள். பாதையோரக் காணிகளின் விலை உயர்ந்தால், அந்த உயர்வு யாருடைய கணக்கில் எழுதப்படும் என்றும் கேளுங்கள்.