விறகு பிளக்கும் யந்திரம்

விறகைப் பற்றி எழுதப் போகிறோம் என்றவுடன், "எங்கள் வீட்டில் காஸ் அடுப்பு அல்லவா?" என்று வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கல்யாண வீட்டுக் கோட்டை அடுப்பும், செங்கல் சூளையும், சாலையோரத்து ஓட்டல்களில் பலவும் இன்னும் விறகைத்தான் நம்பியிருக்கின்றன. அந்த விறகைப் பிளப்பது யார், எதைக் கொண்டு என்பதே இந்த வாரம் நமது விசாரணை.

பனமரத்துப்பட்டியில் விறகுக்குப் பஞ்சமில்லை. சேலம் நகரத்துக்குக் குடிநீர் தரும் பொருட்டு 1911-ஆம் வருஷத்தில் அமைந்த ஏரி, 2,000 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்புள்ளது. பிற்காலத்தில் காவிரி ஜலம் மேட்டூரிலிருந்து சேலத்துக்கு வந்தது. ஏரியில் தண்ணீர் குறைந்தது. சீமைக் கருவேலம் குடியேறியது. தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் முள் நின்றால் அதை வெட்டத்தானே வேண்டும்? இம்மரங்களை அகற்றும்படி 2017-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் உத்தரவிட்டது. ஆனால் வெட்டுவது வேறு, பிளப்பது வேறு. நேராக வளர்ந்த சவுக்கு ஒரே அடியில் வாய் திறக்கும். முறுக்கும் கணுவுமாக வளர்ந்த கருவேல அடிமரமோ கோடாலியைக் கவ்விக்கொண்டு விட மறுக்கும். ஆப்பும் சம்மட்டியும் கொண்டு மல்லாடினாலும், ஓர் ஆள் ஒரு நாளில் பிளப்பது கொஞ்சம்தான்.

ஆகையால் பெரிய அளவில் தொழில் செய்யும் விறகுத் தொட்டிக்காரர்கள் ஹைட்ராலிக் யந்திரத்தை நாடுவதில் வியப்பில்லை. அதன் தத்துவம், பள்ளிக்கூடத்தில் நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பாஸ்கல் விதியே. மூடிய பாத்திரத்திலுள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும். இதைக் கொண்டு 1795-இல் ஜோசப் பிராமா என்ற ஆங்கிலேயர் அழுத்து யந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். விறகு யந்திரமும் அதன் வாரிசுதான்: பம்பு எண்ணெயைத் தள்ளுகிறது, எண்ணெய் பிஸ்டனைத் தள்ளுகிறது, பிஸ்டன் கட்டையை ஆப்பின்மேல் தள்ளுகிறது.

விற்பவர்கள் முதலில் சொல்வது "எத்தனை டன்" என்பதையே. அதை நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். சிலிண்டரின் உள் குறுக்களவு 10 சென்டிமீட்டரானால், பிஸ்டனின் முகம் 78½ சதுர சென்டிமீட்டர். எண்ணெயின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோ என்றால், விசை சுமார் 15,700 கிலோ. குறுக்களவை 12½ சென்டிமீட்டராக்கினால் விசை 24 டன்னைத் தாண்டும். பலம் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். ஆனால் அதே பம்பைக் கொண்டு ஓட்டினால் ஒவ்வொரு கட்டைக்கும் பிடிக்கும் நேரமும் அவ்வளவே பெருகும். பெரியதை வாங்குவது புத்திசாலித்தனம் என்று எண்ணுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

வேகத்தைத் தீர்மானிப்பது பம்பு. 60 சென்டிமீட்டர் தூரம் தள்ள, முதலில் சொன்ன சிலிண்டருக்கு 4¾ லிட்டர் எண்ணெய் வேண்டும். நிமிஷத்துக்கு 40 லிட்டர் தரும் பம்பு அதை 7 விநாடியில் முடிக்கும். ஆனால் அந்த வேகத்தையும் முழு அழுத்தத்தையும் சேர்த்துக் கேட்டால் சுமார் 18 குதிரைச் சக்தி செலவாகும். மின்சாரக் கட்டணத்தைப் பார்த்துத் தொட்டிக்காரர் தலையில் கை வைக்க வேண்டியதுதான். இதற்குப் பரிகாரம் இரட்டை நிலைப் பம்பு. கட்டை எதிர்க்காத வரையில் அது வேகமாக ஓடும். எதிர்த்ததும் மெதுவாகி முழுப் பலத்தையும் காட்டும். முழு அழுத்தத்தில் நிமிஷத்துக்கு 10 லிட்டர் போதுமென்றால், 5 முதல் 7½ குதிரைச் சக்தி மோட்டாரே போதும். மின்சாரம் எட்டாத தோப்புகளுக்கு டிராக்டரில் மாட்டி ஓட்டும் வகை ஏற்றது.

குளிர்தேசத்தாரின் விளம்பரங்களில் காணும் கணக்கு நமக்குப் பொருந்தாது. பல இடங்களில் அவர்கள் பிளப்பது நேரான பைன் மரம். நாம் பிளப்பது முறுக்கிய கருவேலமும் புளியும். ஆகவே டன்னோடு கூட, ஆப்பின் இரும்பு, அதைத் தாங்கும் சட்டம், பற்றவைப்பின் உறுதி ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். இரண்டு கைகளாலும் பிடித்தால்தான் ஓடும்படி பிடி அமைந்திருப்பது மிக அவசியம். கட்டைக்கும் ஆப்புக்கும் நடுவே விரல் போக வழியிருக்கக் கூடாது. எண்ணெய்க் குழாயில் கசிவு இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்ப்பது பேராபத்து. ஊசி போன்ற பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். யந்திரத்தை நிறுத்தி, அழுத்தத்தை இறக்கிய பிறகே பழுது பார்க்க வேண்டும்.

இனி, கோடாலி பிடித்தவர் கதி என்ன? 1924-இல், யந்திரங்களுக்கெல்லாம் விரோதியா என்று கேட்கப்பட்டபோது, தாம் எதிர்ப்பது யந்திர மோகத்தையே என்று விளக்கிய மகாத்மா, ஸிங்கர் தையல் யந்திரத்துக்கு விலக்குக் கொடுத்தார். உழைப்பவரின் சிரமத்தைக் குறைப்பது வேறு, உழைப்பவரையே குறைப்பது வேறு. 30 டன் யந்திரத்தைத் தனி முதலாளி வாங்கி, பத்துப் பேரில் ஏழு பேரை அனுப்பிவிட்டால், மிச்சமாகும் கூலி அவர் பெட்டிக்கே போகும். நான்கைந்து விறகுவெட்டிகள் கூட்டாகச் சேர்ந்து 15 டன் யந்திரம் ஒன்றை வாங்கினால், தோள்வலியும் குறையும், வரும்படியும் அவர்களிடமே தங்கும். சிறிய யந்திரத்தின் குழாயையும் அடைப்பு வளையத்தையும் சேலத்துப் பட்டறைகளிலேயே மாற்றிக்கொள்வதும் எளிது. கூட்டுறவுக் கடன் கொடுப்பவர்கள் இதை யோசிக்க வேண்டுகிறோம்.

யந்திரத்துக்குப் பசி அதிகம் என்பதையும் மறக்கலாகாது. கருவேலம் தீர்ந்ததும், கடனைக் கட்டுவதற்காகச் சாலையோரப் புளியமரத்தை நோக்கி அது வாய் திறக்கக் கூடாது. எத்தனை வருஷத்து விறகு கிடைக்கும் என்று கணக்குப் பார்த்த பிறகே கடன் வாங்க வேண்டும்.

முன்பணம் கொடுக்கும் முன் ஒரு காரியம் செய்யலாம். தங்கள் தொட்டியிலுள்ள கட்டைகளில் மிகவும் முறுக்கேறிய பத்தைப் பொறுக்கி, பட்டறைக்கு எடுத்துச் சென்று, கண்ணெதிரே பிளந்து காட்டச் சொல்ல வேண்டும். பணம் கொடுப்பவர் மட்டும் போனால் போதாது. நாளை அதன் அருகில் நிற்கப் போகிறவர்களும் உடன் சென்று, பிடியைத் தாங்களே பிடித்துப் பார்க்க வேண்டும்.