உராய்ந்த கோலும் உயர்ந்த புகைபோக்கியும்

கல்வியின் பயன் யாதென வினவின், உள்ளதை உள்ளவாறு காண்டலும், கண்டதைக் கண்டவாறு உரைத்தலும் என்று கூறுதல் தகும். இவ்விரண்டனுள் முன்னையதினும் பின்னையதே அரிது. பௌதிக நூலின் எளிய பாடமென எண்ணப்படும் நிலைமின்னியலைக் கற்பிக்கும் முறையிலேயே இவ்வரிய பண்பு நம் மாணாக்கர் உள்ளத்தினின்றும் நழுவத் தொடங்குகின்றது என்பது என் கருத்து. இது மிகைக் கூற்றெனச் சிலர்க்குத் தோன்றலாம். ஆதலின் அதற்குரிய காரணங்களை, யான் பிறந்து வளர்ந்த நெய்வேலி நகரியத்தைச் சான்றாகக் கொண்டு, அன்பர்கள் முன் வைக்கத் துணிகின்றேன்.

யான் பள்ளியிற் பயின்ற காலத்து ஐப்பசித் திங்களில் ஒரு நாள். வெளியே வடகிழக்குப் பருவமழை விடாது பெய்துகொண்டிருந்தது. ஆசிரியர் கண்ணாடிக்கோல் ஒன்றைப் பட்டுத்துணியால் உராய்ந்து, மேசைமேற் கிடந்த காகிதத் துணுக்குகளின் அருகே கொணர்ந்தார். துணுக்குகள் அசைந்தில. மீண்டும் உராய்ந்தார், மீண்டும் அசைந்தில. பின்வரிசையிற் சிலர் நகைத்தனர். ஆசிரியர் நல்லவரே, ஆயினும் மணி அடிக்குமுன் பாடத்தை முடிக்கவேண்டுமென்னும் கவலை உடையவர். “புத்தகத்தில் உள்ளபடி எழுதிக்கொள்ளுங்கள்” என்றார். யாங்களும் எழுதினோம்: ‘காகிதத் துணுக்குகள் கோலினால் ஈர்க்கப்பட்டன.’ அவ்வாக்கியத்திற்கு முழு மதிப்பெண் கிடைத்தது. ஆயின் அஃது உண்மை அன்று. மின்சாரத்தைப் பற்றி யான் எழுதிய முதல் வாக்கியமே பொய்யாக அமைந்ததை எண்ணுந்தோறும் இன்றும் நாணுகின்றேன்.

அன்று நிகழ்ந்தது யாது? உராய்வினால் மின்னூட்டம் தோன்றாமற் போகவில்லை. பட்டும் கண்ணாடியும் தொட்டுப் பிரியும்போது கண்ணாடியினின்றும் எலெக்ட்ரான்கள் சில பட்டிற்குப் பெயர்ந்தே இருக்கும். ஆயின் மழைநாளிற் கண்ணாடியின் மேல் கண்ணுக்குப் புலனாகாத மெல்லிய நீர்ப்படலம் படிந்துவிடுகின்றது. அப்படலத்திற் கரைந்துள்ள உப்புகளின் அயனிகள் வழியாக மின்னூட்டம் ஆசிரியரின் கைக்கும், கையினின்றும் நிலத்திற்கும் ஒழுகிவிட்டது. ஈரக்காற்றே மின்சாரத்தைக் கடத்திச் செல்கின்றது என்று பலர் கூறுவர், அது பிழை. குற்றவாளி காற்றன்று, பரப்பிற் படிந்த நீரே. கோலையும் துணியையும் அடுப்பனலில் சிறிது நேரம் வாட்டியிருப்பின், அதே மழையில், அதே அறையில், துணுக்குகள் துள்ளியிருக்கும். மின்கடத்தி, மின்காப்பு, பரப்பின் வழியே மின்னூட்டம் கசிதல் ஆகிய மூன்றையும் அத்தோல்வி ஒன்றே எங்கட்குக் கற்பித்திருக்கும். யாங்களோ அதனை எழுத்தால் மூடிவிட்டோம்.

இத்துறையின் வரலாறோ வேறுவகையானது. கிரேக்க நாட்டுத் தேல்ஸ் என்பார் அம்பரை உராய்ந்து கண்ட ஈர்ப்பைப் பற்றிய பழஞ்செய்தி உண்டு. அம்பர் என்பது பண்டைய மரங்களின் பிசின் இறுகிக் கல்லானது. அதன் கிரேக்கப் பெயரினின்றே எலெக்ட்ரான் என்னும் பெயர் பிறந்தது. 1600-ஆம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்து வில்லியம் கில்பர்ட், அம்பரைப் போல் ஈர்க்கும் பொருள்களை நிரல்படுத்தியபோது, ‘ஜெட்’ என்னும் கருங்கல்லையும் அவற்றுட் சேர்த்தார். அக்கல் பழுப்பு நிலக்கரியின் ஒரு வகையே! நெய்வேலி மண்ணினடியிற் கிடக்கும் பொருளின் உறவினம் ஒன்று மின்னியல் நூலின் முதற்பக்கங்களிலேயே இடம்பெற்றுள்ளது என்பதை எம்மூர் மாணாக்கருள் எத்துணைப் பேர் அறிவர்? நெய்வேலிக் கரியோ ஏறக்குறையப் பாதி எடை நீரே உடையது. அதனை உராய்ந்து துணுக்குகளை ஈர்க்க முயல்வோர் ஏமாறுவர்.

1733-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் டூஃபே செய்த சோதனை இன்னும் கருதத்தக்கது. மின்னூட்டம் பெற்ற கண்ணாடியால் விலக்கப்பட்டு அந்தரத்தில் மிதந்த பொற்றகட்டின் அருகே, உராய்ந்த பிசின் துண்டொன்றை அவர் கொண்டு சென்றார். இதுவும் விலக்கும் என்றே எதிர்பார்த்தார். தகடோ பிசினை நாடிப் பாய்ந்து ஒட்டிக்கொண்டது. எதிர்பார்த்ததை எழுதாமல், கண்டதையே அவர் எழுதினார். அதனாலன்றோ மின்னூட்டம் இருவகைத்து என்பதை உலகம் அறிந்தது! நம் பள்ளி மாணாக்கர் போல் அவரும் எழுதியிருப்பின், நேர்மின்னூட்டமும் எதிர்மின்னூட்டமும் கண்டறியப்பட இன்னும் பல்லாண்டு சென்றிருக்கும்.

இனி நெய்வேலிக்கு வருவோம். இவ்வூர் பிறந்ததும் கண்டதைக் கண்டபடி உரைத்த ஒருவராலேயே. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் வெளிப்பட்டதைக் கண்டு, அதனைப் புறக்கணியாது அறிவித்தார் என்பது எம்மூரார் நன்கறிந்த வரலாறு. 1956-இல் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் நிறுவப்பட்டது. சோவியத் நாட்டின் துணையோடு எழுந்த முதல் அனல்மின் நிலையம் 1962-இல் மின்சாரம் வழங்கத் தொடங்கி, 600 மெகாவாட் அளவிற்கு வளர்ந்து, 2020-இல் ஓய்வு பெற்றது. அதன்பின் வந்த நிலையங்கள் அப்பணியைத் தொடர்ந்தன. கரி எரிந்தால் சாம்பல் உண்டு. அச்சாம்பலில் பெரும்பகுதி அடுப்பின் அடியில் விழாமல், மாவினும் நுண்ணிய துகளாய்ப் புகையோடு கிளம்புகின்றது. அத்தனையும் புகைபோக்கி வழியே வெளியேறுமாயின், நகரியத்து வட்டங்களில் வெள்ளை வேட்டி ஒன்றை உலர்த்துதல் இயலாது. சூழவுள்ள முந்திரித் தோப்புகள் நிறம் மாறும். மாந்தர் நுரையீரலின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

அத்துகளைப் பிடிப்பது எது? வலையன்று, நீரன்று, யாங்கள் பொய்யாக எழுதி முடித்த அதே நிலைமின்னியலே. தொழிற்சாலையார் ‘ஈ.எஸ்.பி.’ என வழங்கும் நிலைமின் தூசுபிடிப்பானைப் பெரியதோர் அறையெனக் கொள்க. அதனுள் நெடிய இரும்புத் தகடுகள் வரிசையாகத் தொங்கும். அவை நிலத்தோடு இணைக்கப்பட்டவை. ஈரிரு தகடுகட்கு நடுவே மெல்லிய கம்பிகள் நிற்கும். இத்தகைய கருவிகளிற் பொதுவாகக் கம்பிகட்கு ஏறக்குறைய 50,000 வோல்ட் எதிர்மின் அழுத்தம் தரப்படும். கம்பிக்கும் தகட்டிற்கும் இடைவெளி 15 சென்டிமீட்டர் எனின், சராசரி மின்புலம் மீட்டருக்கு 3 இலட்சத்து 33 ஆயிரம் வோல்ட் ஆகும். உலர்ந்த காற்று உடைந்து மின்சாரத்தைக் கடத்தற்கு மீட்டருக்கு ஏறக்குறைய 30 இலட்சம் வோல்ட் வேண்டும். அங்ஙனமாயின் அறையெங்கும் தீப்பொறி பாய்வதில்லை. ஆயின் மெல்லிய கம்பியை ஒட்டிய இடத்தில் மின்புலக் கோடுகள் நெருங்கி, புலம் அவ்வெல்லையைக் கடந்துவிடும். அங்கு மட்டும் வாயு உடைந்து, மங்கிய ஒளியோடு எலெக்ட்ரான்கள் வெளிப்படும். அவை வாயு மூலக்கூறுகளிற் பற்றி அயனிகளாகி, புலக்கோடுகளின் வழியே தகட்டை நோக்கி விரையும். வழியில் எதிர்ப்படும் சாம்பல் துகள்களில் ஒட்டிக்கொள்ளும். மின்னூட்டம் பெற்ற துகளும் தகட்டை நாடிச் செல்லும். சம்மட்டிகள் தகடுகளை இடைவிட்டுத் தட்ட, படிந்த சாம்பல் அடியிலுள்ள கூம்புத் தொட்டியில் விழும். 1885-ஆம் ஆண்டளவில் ஆலிவர் லாட்ஜ் என்பார் வேல்ஸ் நாட்டு ஈய உலை ஒன்றில் இம்முறையை முயன்று தோற்றார். ஏறக்குறைய 20 ஆண்டுகட்குப்பின் அமெரிக்க நாட்டுக் காட்ரெல் அதனை வெற்றியாக்கினார்.

ஈண்டு ஒரு விந்தையைக் காண்க. வகுப்பறையில் எங்கள் சோதனையைக் கெடுத்த அதே ஈரம், புகைவழியில் நண்பனாகின்றது. சாம்பலின் மின்தடை அளவு கடந்து மிகுமாயின், தகட்டிற் படிந்த படலம் தன் மின்னூட்டத்தை இழவாது தேக்கி வைத்து, பின்வரும் துகள்களின் பணிக்கு இடையூறு செய்யும். புகையில் நீராவி இருப்பின், அது துகளின் பரப்பிற் படிந்து மின்னூட்டம் மெல்லக் கசிய இடந்தரும். மிகுதியாகக் கசிந்தாலும் கேடே. துகள் தகட்டை விட்டு மீளப் பறந்துவிடும். கண்ணாடிக்கோலின் மேல் எது பகையோ, அதுவே சாம்பலின் மேல் அளவோடு நின்றால் துணை. அன்று எங்கள் தோல்வியை ஆராய்ந்திருப்பின், இவ்வுண்மையின் வாயில் எங்கட்குப் பள்ளியிலேயே திறந்திருக்கும்.

இன்னும் ஒன்று. தூசுபிடிப்பான் ஒரே அறையன்று. ஒன்றன்பின் ஒன்றாகப் பல பகுதிகளை உடையது. தொழிலாளர் அவற்றை ‘ஃபீல்டு’ என்றே வழங்குவர். புத்தகத்தில் வெறும் அம்புக்குறியாகக் கிடக்கும் மின்புலம், அவர்கள் வாயில் ஓர் இடத்தின் பெயராகவே உலவுகின்றது! எளிய கணக்கிற்காக, ஒவ்வொரு பகுதியும் தன்னிடம் வரும் சாம்பலில் 90 விழுக்காட்டைப் பிடிப்பதாகக் கொள்வோம். முதற்பகுதி கடந்து 10 விழுக்காடு எஞ்சும். இரண்டாவது கடந்து 1. மூன்றாவது கடந்து பத்தில் ஒன்று. நாளொன்றுக்கு 400 டன் நுண்சாம்பல் வருமாயின், மூன்றும் இயங்கும்போது 400 கிலோ வெளியேறும். ஒன்று நின்றுவிட்டால் 4 டன் வெளியேறும். 99.9 என்பதற்கும் 99 என்பதற்கும் உள்ள வேறுபாடு காகிதத்திற் சிறிது. ஊரார் தலைமேல் பத்து மடங்கு. மேலும் இக்கணக்கு எடைக்கணக்கே. மின்னூட்டத்திற்கு எளிதில் வசப்படாது தப்புவன ஒரு மைக்ரானும் அதனிற் சிறியனவுமாகிய துகள்களே. நுரையீரலின் ஆழத்திற்குச் செல்ல வல்லனவும் அவையே.

2015-ஆம் ஆண்டு டிசம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட விதிகள், ஒரு கனமீட்டர் புகையில் இருக்கத்தக்க தூசுக்கு எல்லை வகுத்தன: 2003-ஆம் ஆண்டின் இறுதிக்குமுன் நிறுவிய அலகுகட்கு 100 மில்லிகிராம், 2004 முதல் 2016 வரை நிறுவியவற்றிற்கு 50, 2017 முதல் நிறுவுவனவற்றிற்கு 30. இவ்வெண்கள் யார் பொருட்டு வகுக்கப்பட்டன? அப்புகையின் கீழ் வாழ்வார் பொருட்டன்றோ! அவர்கள் இவற்றைப் படித்தறியவும், ‘இன்று எத்துணைப் பகுதிகள் இயங்கின? அளவுகோல் கண்டது யாது?’ என்று பண்புடன் வினவவும் கற்றிருத்தல் வேண்டும்.

ஈண்டே என் கவலையின் வேர் உள்ளது. அசையாத காகிதம் அசைந்தது என்று எழுதப் பழகிய கை, வளர்ந்தபின் எவ்விடத்து எழுதினாலும் எதிர்பார்க்கப்படும் எண்ணையே எழுத நாணாது. அதனைப் படிக்கும் கண்ணும் வினவாது. எந்நிலையத்தையும் யான் ஈண்டுக் குறை கூறவில்லை. புகையின் அளவையோ, ஆற்றுநீரின் அளவையோ, மருந்தின் அளவையோ குறிக்கும் ஏடு எதுவாயினும், அதனை எழுதுவோர் நம் வகுப்பறைகளினின்றும் வருபவரே என்பதை மட்டும் நினைவூட்டுகின்றேன்.

பாடத்திட்டம் பெரிது, காலம் சிறிது, தேர்வோ நெருங்கிவிட்டது. தோற்ற சோதனைகளை ஆராய நேரம் எங்கே என்று ஆசிரியப் பெருமக்கள் வினவலாம். அவர்தம் இடர் யான் அறியாததன்று. ஆயினும் கூலும் விதியின் கணக்குகள் முப்பதைச் செய்விப்பதற்கு நேரம் உண்டெனில், கோலை அடுப்பனலில் வாட்டுதற்குப் பத்து நிமிடம் இல்லையோ? எதிர்மடி விதியை மனப்பாடம் செய்தவன் தேர்வில் வெல்வான். ஈரக்கோல் ஏன் தோற்றது என்று கண்டவனோ அவ்விதி எப்பொருளைப் பற்றியது என்பதை அறிவான்.

ஆகவே மூன்று செய்திகளை வேண்டிக்கொள்கின்றேன். முதலாவது, நிலைமின் சோதனைகளை மழைநாளில் ஒருமுறையும் கோடையில் ஒருமுறையும் செய்து, இரண்டின் முடிவையும் குறிப்பேட்டில் எழுதுவிக்க. விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. நீர் எளிதிற் பரவாத பி.வி.சி. குழாய்த் துண்டும், கம்பளித் துணியும், குழாயினின்றும் நூல்போல் ஒழுகும் நீரும் சாலும். உராய்ந்த குழாயின் பக்கமாக அந்நீர் வளைவதைக் கண்ட சிறுவன் மின்புலம் கற்பனையன்று என்பதை மறவான். இரண்டாவது, ‘சோதனை தோற்றது, காரணம் இதுவெனக் கருதுகின்றேன்’ என்று எழுதும் மாணாக்கனுக்கும் முழு மதிப்பெண் வழங்குக. மூன்றாவது, அனல்மின் நிலையமுள்ள ஊர்களின் பள்ளிகளும் கல்லூரிகளும், தூசுபிடிப்பானின் கணக்கை இப்பாடத்தின் பயிற்சிக் கணக்குகளுள் ஒன்றாக வைக்க.

தம்பியரே, தங்கையரே! உங்கள் குறிப்பேட்டின் முதற்பக்கம் சிறிதென்று எண்ணற்க. அதில் நீங்கள் எழுதும் வாக்கியம் உங்கள் ஆயுளின் கையெழுத்தாக அமையும். கோல் ஈர்த்தால் ஈர்த்ததென எழுதுங்கள். ஈர்க்காவிடின் ஈர்க்கவில்லையென எழுதி, ஏன் என்று வினவுங்கள். யான் அன்று எழுதிய பொய் வாக்கியத்தை, பிந்தியேனும், ஈண்டுத் திருத்தி எழுதுகின்றேன்: ‘காகிதத் துணுக்குகள் அசையவில்லை, கோல் ஈரமாயிருந்தது.’