முதல் மூன்று வாரம்

மகனுக்கு என்ஜினீயரிங் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. வீட்டில் ஒரே மகிழ்ச்சி! தெருவுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தாகிவிட்டது.

அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு விடுதி வரை வருகிறார். அம்மா டப்பா நிறைய முறுக்கும், ஒரு பாட்டில் ஊறுகாயும் கொடுத்து அனுப்பி இருக்கிறார். கட்டில், மேஜை, அலமாரி எல்லாவற்றையும் அப்பா தொட்டுப் பார்க்கிறார்.

"நல்லா படிப்பா" என்று சொல்லிவிட்டு, பஸ் ஏறிப் போய்விடுகிறார்.

அன்று இரவுதான் பையனுக்கு உண்மை உறைக்கிறது. இத்தனை பேர் இருக்கிற இடத்தில், தன் வீட்டு ஆள் ஒருவரும் இல்லை!

அடுத்த மூன்று வாரம்தான் கண்டம். பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பி விடலாமா என்ற எண்ணம் வருவது அப்போதுதான்.

பெயர்தான் தெரியாது

பையன் பிளஸ்-2 வரை தமிழில் படித்தவன். பள்ளிக்கூடத்தில் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தவன்.

இங்கே ஆசிரியர் "மேட்ரிக்ஸ்" என்கிறார். பையன் விழிக்கிறான். அவன் பள்ளியில் படித்த "அணி"தான் அது! "போர்ஸ்" என்கிறார். அது அவனுக்குத் தெரிந்த "விசை". "ஆக்சிலரேஷன்" என்கிறார். அது "முடுக்கம்".

பையனுக்குக் கணக்குத் தெரியும். கணக்கின் ஆங்கிலப் பெயர்தான் தெரியாது.

ஆனால் அவன் அப்படி நினைப்பது இல்லை. "எனக்கு மூளை இல்லை" என்று நினைக்கிறான். கேட்டால் சிரிப்பார்களோ என்று வாயை மூடிக்கொள்கிறான். கடைசி பெஞ்சுக்குப் போய்விடுகிறான்.

அதே பையனைப் பட்டறையில் பாருங்கள். இரும்புத் துண்டை அரத்தால் ராவுகிறான். மரத்தை இழைப்புளியால் இழைக்கிறான். அப்பாவோடு வேலை செய்து பழகிய கை அது. அங்கே அவன் யாருக்கும் சளைத்தவன் அல்ல!

தனியாக ஒரு பெண்

சென்னை கிண்டி என்ஜினீயரிங் கல்லூரி மிகப் பழையது. 1794-ம் ஆண்டில் நில அளவைப் பள்ளியாக, 8 மாணவர்களோடு தொடங்கியது.

அந்தக் கல்லூரிக்கு 1940-ம் ஆண்டில் லலிதா என்ற இளம் பெண் வந்தார். 18 வயதில் கணவனை இழந்தவர். கையில் பெண் குழந்தை. கல்லூரி முழுவதும் ஆண்கள். விடுதியில் அவருக்குத் தனி இடம் கிடைத்தது. ஆனால் பேசத் துணை இல்லை.

அவருடைய தந்தை அதே கல்லூரியில் பேராசிரியர். மகளைப் படிப்பை விடச் சொல்லவில்லை. "சகித்துக்கொள்" என்றும் விட்டுவிடவில்லை. பெண்களும் சேரலாம் என்று விளம்பரம் செய்ய ஏற்பாடு செய்தார். மேலும் இரண்டு பெண்கள் வந்து சேர்ந்தார்கள்.

மூன்று பேரும் என்ஜினீயர் ஆனார்கள். பக்ரா நங்கல் அணை மின்சாரத் திட்டத்துக்கான வேலையிலும் லலிதாவுக்குப் பங்கு உண்டு.

துணிச்சல் அவரிடம் இருந்தது. ஆனாலும் துணை தேவைப்பட்டது. இன்று விடுதிக்கு வரும் பிள்ளைக்கும் அதுதான் தேவை.

சட்டம் இருக்கிறது

சில இடங்களில் துணையாக இருக்க வேண்டிய மூத்த மாணவர்களே தொல்லையாகி விடுகிறார்கள். "கேலிவதை" என்பது விளையாட்டு அல்ல. குற்றம்!

தமிழ்நாட்டில் 1997-ம் ஆண்டிலேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது. 2 ஆண்டு வரை சிறை, 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு. 1800-180-5522 என்ற எண்ணில் இரவு பகல் எந்த நேரமும் புகார் செய்யலாம். இந்த எண்ணைப் பிள்ளையின் நோட்டில் பெற்றோர் எழுதிக் கொடுக்க வேண்டும்.

யார் என்ன செய்யலாம்?

பணக் கவலைக்கு ஓரளவு வழி பிறந்திருக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு என்ஜினீயரிங் படிப்பில் 7.5 சதவீத இடம் ஒதுக்கி, 2021-ல் சட்டம் வந்தது. அந்த ஒதுக்கீட்டில் சேருவோருக்குப் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்றது.

கட்டணத்தை அரசு கட்டலாம். தனிமையை யார் போக்குவது? பக்கத்தில் இருக்கிற மனிதர்கள்தான்.

புது மாணவர்களைப் பழக்குவதற்கு என்றே, மூன்று வாரப் பயிற்சி ஒன்றை 2017-ல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு வகுத்தது. அதை வெறும் சடங்காக நடத்தினால் பயன் இல்லை. ஆசிரியர் ஒவ்வொரு மாணவனிடமும் ஐந்து நிமிடம் பேச வேண்டும். கரும்பலகையில் "போர்ஸ்" என்று எழுதும்போது, பக்கத்தில் "விசை" என்றும் எழுத வேண்டும். ஒரு சொல்தான். ஒரு பையன் பிழைத்துக்கொள்வான்!

மூத்த மாணவர்கள் பழைய நோட்டுகளைக் கொடுத்து உதவலாம். முதல் நாள் சாப்பாட்டுக் கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகலாம். போன ஆண்டு அவர்களும் இப்படித்தானே தட்டை ஏந்திக்கொண்டு திகைத்து நின்றார்கள்?

பெற்றோருக்கும் வேலை உண்டு. போனில் எடுத்ததும் மார்க்கைக் கேட்கக்கூடாது. "சாப்பிட்டாயா? பக்கத்துக் கட்டில் பையன் பேர் என்ன?" என்று கேட்க வேண்டும்.

"வீட்டுக்கு வருகிறேன்" என்று பிள்ளை அழுதால் திட்டக்கூடாது. காரணத்தைக் கேட்க வேண்டும். யாராவது கொடுமை செய்தால், அன்றே கல்லூரிக்குப் புறப்பட வேண்டும். வீட்டு ஏக்கம் என்றால், "ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன்" என்று சொல்ல வேண்டும். சொன்னபடி போகவும் வேண்டும்.

பிள்ளையும் ஒன்று செய்ய வேண்டும். வாயைத் திறந்து கேட்க வேண்டும். புரியவில்லை என்று சொல்வது அவமானம் அல்ல. வகுப்பில் இன்னும் பத்துப் பேருக்குப் புரிந்திருக்காது. ஒருவன் எழுந்து கேட்டால், பத்துப் பேரும் தெரிந்துகொள்வார்கள்.

மூன்று வாரம் போகட்டும். பக்கத்துக் கட்டில் பையன் நண்பன் ஆகிவிடுவான். மேட்ரிக்சும் அணியும் ஒன்றாகிவிடும். அம்மா கொடுத்த முறுக்கு டப்பா என்றோ காலியாகி இருக்கும்.

கட்ட நினைத்த பெட்டி, கட்டிலுக்கு அடியில் பேசாமல் கிடக்கும்!