வட்டத்துக்குள் அடங்காத மூதூர்

படிவம் தயாரிப்பது எழுதுவினைஞரின் வேலை, அதில் விவாதிக்க என்ன இருக்கிறது என்று கேட்போர் உண்டு. நிறையவே இருக்கிறது என்பதே என் வாதம். ஒரு கேள்விக்குக் கீழே வட்டம் போடுவதா, சதுரம் போடுவதா என்று முடிவு செய்பவர், விண்ணப்பதாரர் தம் வாழ்க்கையில் எவ்வளவைச் சொல்லலாம் என்பதையும் முடிவு செய்துவிடுகிறார்.

கணினிப் படிவங்களில் அந்த வட்டத்துக்கு ரேடியோ பொத்தான் என்று பெயர். பழைய கார் வானொலிகளில் ஒரு பொத்தானை அழுத்தினால் முன்னர் அழுத்தியது மேலெழும்பிவிடும். பெயர் அங்கிருந்து வந்தது. ஒன்றைத் தெரிவு செய்தால் மற்றது தானாக அழியும். சதுரத்தில் எத்தனையையும் தெரிவு செய்யலாம். பிறந்த மாவட்டம் எது என்ற கேள்விக்கு வட்டம் பொருத்தமானது. ஒருவர் இரண்டு மாவட்டங்களில் பிறக்க முடியாது. ஆனால், எல்லாக் கேள்விகளும் அத்தகையவையா?

கொட்டியாரக் குடாவின் தென்கரையிலுள்ள மூதூரை எடுத்துக்கொள்ளுங்கள். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அக்கரையைத் தாக்கியது. இரண்டு ஆண்டுகள் கழியுமுன், 2006 ஆகஸ்ட் மாதத்தில் யுத்தம் ஊரையே வெளியேற்றியது. முஸ்லிம் மக்களிற் பெரும்பாலோர் கந்தளாயில் தஞ்சமடைந்தனர். அதே ஆண்டில் வெளியேறிய சம்பூர் மக்களுக்குத் தம் காணிகள் மீளக் கிடைக்கத் தொடங்கியது 2015 இலேதான். இவர்களிடம் "இடம்பெயர்ந்த காரணம்: ஆழிப்பேரலை, யுத்தம்" என்று இரண்டு வட்டங்களை நீட்டினால் எதை அழிப்பார்கள்? இரண்டுக்குமான உதவிகள் வெவ்வேறு கணக்குகளில் வந்தவை. ஆகவே, அழிவது நினைவு மட்டுமன்று; ஒரு வீடாகவும் இருக்கலாம்.

மூதூரிலிருந்து வெருகல் வரையுள்ள கரையோர வேடர்களையும் நினையுங்கள். அவர்கள் பேசுவது தமிழ். தம் வம்சம் வேடர் வம்சம் என்பர். "இனம்" என்பதற்கு ஒரே வட்டமென்றால், தமிழர் என்றதும் வேடர் மறைகிறார். வேறு என்றதும் தமிழ் மறைகிறது.

கணக்கெடுப்பு குழம்பிவிடும் என்பர். ஐக்கிய அமெரிக்கா 2000 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களைக் குறிக்க இடமளித்தது. அங்கே எண்ணிக்கை நின்றுவிடவில்லை. அட்டவணைகள் சற்று நீண்டன, அவ்வளவே.

நம் ஊர்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. படிவம் கணினியில் பிறந்தாலும் பேனாவாலேயே நிரப்பப்படுகிறது. தாளில் வட்டம் யாரையும் தடுப்பதில்லை. மக்கள் இரண்டிலும் அடையாளமிடுவர். பின்னர் அதைக் கணினியில் ஏற்றும் ஊழியர் ஒன்றைத் தாமே தெரிவு செய்தாக வேண்டும். அதாவது, விண்ணப்பதாரருக்கு இல்லாத உரிமை அவருக்குக் கிடைக்கிறது.

தொழில்நுட்பத்தின் மீது பழியைப் போடவும் இயலாது. மைக்ரோசாப்ட் வேர்டில் வட்டப் பொத்தானைச் சேர்ப்பதே சிரமம். டெவலப்பர் பட்டியில் பழைய கருவிகளுக்குள் இருக்கும் ஆக்டிவ்எக்ஸ் பொத்தானைத் தேடி எடுத்து, ஒரு கேள்விக்குரிய பொத்தான்கள் அனைத்துக்கும் ஒரே குழுப்பெயர் இடவேண்டும். மாக் கணினியில் அது இயங்காது. பாதுகாப்புக் காரணத்தால் 2024 பதிப்பிலிருந்து ஆக்டிவ்எக்ஸ் இயல்பாகவே முடக்கப்பட்டும் இருக்கிறது. மாறாக, சதுரப் பெட்டி 2010 பதிப்பு முதலே ஒரு சொடுக்கில் கிடைக்கிறது. ஒரே விடைதான் தேவை என்றால் கீழிறங்கு பட்டியல் போதும். லிப்ரே ஆபிஸில் இவை யாவும் இலவசம்.

எனவே, படிவம் வரைவோரிடம் நான் கேட்பது இவ்வளவே. வாழ்க்கை ஒரு விடையை மட்டும் அனுமதிக்கும் இடத்தில் வட்டம் போடுங்கள். மற்ற இடங்களில் சதுரம் போடுங்கள். அதன் கீழே எழுதுவதற்கு இரண்டு வரி வெற்றிடமும் விடுங்கள். கடலிடமும் யுத்தத்திடமும் இழந்தவர்களிடம், இரண்டில் ஒன்றை மறந்துவிட்டு வா என்று சொல்லும் உரிமை எந்த அலுவலகத்துக்கும் இல்லை.